பூஜாங்கின் பொண்டாட்டி

"வெளிய தலையக் காட்டின, அப்பறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு நவமணி சமையல்கட்டுக் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினாள். சாத்தியதோடு விட்டாளா? ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தும் கொண்டாள். உள்ளே அடுப்புப் புகைக்குள் அவளுடைய கொழுந்தன் பொண்டாட்டி அம்சவல்லி நின்றாள். கழுத்திலிருந்து தாலி இறங்கி இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

வாசலில் அரசாங்க லேண்ட்ரோவர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"ஏன்க்கா, என் வூட்டுக்காரரு செத்ததப் பத்தித்தானே கேக்க வந்துருக்காங்க? நான் வந்து நின்னா என்ன?"

"நல்லாருக்கு லா! பந்துவான் குடுக்க வர்ற மனுசன் அறுத்தவ மூஞ்சிலயா முழிக்கணும்? வர்றதும் வராமப் போவும். கம்முனு கெட."

பந்துவான் என்றால் அரசாங்க உதவிப் பணம். அந்த வருஷக் கடைசி மழையில் கோலா தெர்லா பக்கத்துச் சரிவுகள் பல இடிந்து விழுந்திருந்தன. அம்சவல்லியின் புருஷன் அர்ஜுனன் மழையோடு மழையாகத் தன் காய்கறி மேட்டுக்கு ஏறி, அடைத்துக்கொண்ட வாய்க்காலை வெட்டிவிடப் போனான். மேடே இறங்கி அவனை மூடிக்கொண்டது. சேதமான மேடுகளுக்குப் பந்துவான் உண்டு, அதற்குப் பிறகு படி வெட்டி, புல் நட்டு, வாய்க்கால் எடுத்து மண்ணைக் காப்பாற்றுகிறவர்களுக்கு மானியமும் உண்டு என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. யாருக்கு என்ன சேதம் என்று பார்க்கத்தான் யூசோப் என்ற மலாய்க்கார அதிகாரி தானா ராத்தாவிலிருந்து வந்திருந்தார்.

அர்ஜுனனும் அவன் அண்ணன், நவமணியின் புருஷன் வேலப்பனும் மேலேயிருக்கும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள். கங்காணியின் கத்தலைக் கேட்டே வளர்ந்து, போதுமடா சாமி என்று வெளியேறி, வருஷா வருஷம் புதுப்பிக்கும் அனுமதியில் ஆளுக்கொரு மேடு பிடித்து கோபிஸ் என்கிற முட்டைக்கோஸும் தக்காளியும் சாமந்தியும் போட்டார்கள். இரண்டு குடும்பமும் ஒரே பலகை வீட்டில்தான் இருந்தது. வேலப்பன் கெட்டிக்காரன், ஒரு பழைய லாரியும் வாங்கிவிட்டான். சுற்று வட்டாரத்துத் தமிழர்களின் காய்கறியெல்லாம் அவன் லாரியில்தான் சந்தைக்கு இறங்கும்.

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் அம்சவல்லி காதை வைத்துக் கேட்டாள். பிரிஞ்சாங் சந்தையில் காய் விற்றுப் பழகிய மலாய் அவளுக்கு நன்றாகவே புரியும்.

"செத்துப்போன தம்பிக்குக் குடும்பம் உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை துவான். என் தம்பி பூஜாங்."

பூஜாங் என்றால் கல்யாணம் ஆகாத கட்டைப் பிரம்மச்சாரி.

அம்சவல்லிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. கதவை ஓங்கி உதைத்தாள். நவமணி முதுகால் அழுத்திக்கொண்டாள். மறுபடியும் உதைத்தாள்.

"அங்கே என்ன சத்தம்?" என்றார் அதிகாரி.

"ஆடு துவான். உள்ளே ஆடு கட்டியிருக்கு" என்றான் வேலப்பன்.

அதற்குப் பிறகு அவள் உதைக்கவில்லை. அப்படியே அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மண் மூடியது அர்ஜுனனைத்தான். அவளை மூடியது இந்த வீடு.

பெண்டாட்டி பிள்ளை இல்லாதவனுடைய மேடும் அதற்கு வரும் பணமும் யாருக்குப் போகும்? கூடப் பிறந்தவனுக்குத்தானே! பந்துவான் வந்தது. அர்ஜுனன் மேட்டின் அனுமதியும் வேலப்பன் பெயருக்கு மாறுவதற்காகக் காத்திருந்தது. வேலப்பன் லாரிக்குப் புதுச் சக்கரம் போட்டான், வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டான். அம்சவல்லி ஒருநாள் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு நேருக்கு நேராகக் கேட்டாள்.

"மாமா, எம் புருசன் மேட்ட எம் பேருக்கு மாத்திக் குடுங்க. நான் ஒழச்சுப் பொழச்சுக்கறேன்."

"ஒனக்கெதுக்குப் புள்ள மேடு? கொழந்தயா குட்டியா? சோறு போடறேன், துணி எடுத்துத் தர்றேன். ஒரு மூலையில இருந்துட்டுப் போயேன்."

"எங்களுக்குக் கல்யாணமே ஆவலன்னு சொன்னீங்களே, வாய் கூசலயா?"

வேலப்பன் சாவகாசமாகக் கை கழுவினான். "ஆச்சுன்னு யாரு சொல்லப் போறா? போய்க் கேட்டுப் பாரு."

அந்தத் திமிர்தான் அவளைக் கொன்றது.

மானியத்துக்காக மேட்டில் படி வெட்டும் வேலை தொடங்கிற்று. புல் நடும் அன்றைக்கு நவமணி அவளைத் தள்ளி நிற்கச் சொல்லி, தானே முதல் கட்டுப் புல்லை நட்டாள். நல்ல காரியமாம், அறுத்த கை படக்கூடாதாம். முதல் கட்டு நட்டானதும் நவமணிக்கு இடுப்பு வலித்தது. மீதி மேடு முழுவதும் அந்த அறுத்த கைதான் நட்டது. படி வெட்டியது, வாய்க்கால் எடுத்தது, கல் சுமந்தது எல்லாம் அதே கை. அப்போதெல்லாம் சகுனம் எந்தப் பக்கம் போயிருந்ததோ தெரியவில்லை.

ஒருநாள் காய் மூட்டையோடு பஸ் ஏறியவள் பிரிஞ்சாங்கில் இறங்காமல் நேரே தானா ராத்தாவுக்குப் போய், யூசோப்பின் மேசைக்கு முன்னால் நின்றாள். அவர் தங்கமான மனிதர். உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார்.

"கல்யாணத்தைப் பதிவு செய்தீர்களா அம்மா?"

"தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினாரு துவான். ஊரே சாப்பிட்டுச்சு."

பதிவு கிதிவு என்று அந்தக் காலத்தில் லயத்துச் சனங்களில் யார் போனார்கள்? தாலிதான் அத்தாட்சி. அந்த அத்தாட்சியையும் ஊரே கூடி நின்று கழற்றி எடுத்தாகிவிட்டது. யூசோப் நெற்றியைத் தடவிக்கொண்டார்.

"வேலப்பன் ஒன்று சொல்கிறார், நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். உங்கள் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் என் முன்னால் வந்து, இவள் அர்ஜுனனின் மனைவி என்று சொல்லட்டும். அன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தி உங்கள் பெயருக்கு மாற்ற ஏற்பாடு செய்கிறேன். மானியம் கொடுத்து முடிவதற்குள் வரவேண்டும்."

இரண்டே இரண்டு பேர்தானே என்று அவள் மனம் குளிர்ந்துபோய்த் திரும்பினாள். பாவம்.

முதலில் கோயில் தலைவர் ரெங்கசாமியிடம் போனாள். தாலியைத் தட்டில் வைத்து ஆசீர்வாதம் வாங்கச் சபை முழுக்கக் கொண்டு போனவரே அவர்தான்.

"குடும்ப விசயம்மா. நாம ஆபீசர்கிட்டப் போய்ப் பேசினா ஊரு மானம் போயிரும். வேலப்பன் லோரி நம்ம கோபிஸ ஏத்தலன்னா நாங்க என்ன பண்றது, சொல்லு?"

அடுத்தது காளியம்மா. பொண்ணு மாப்பிள்ளைக்கு ஆரத்தி சுற்றிக் கன்னத்தில் சந்தனம் தடவியவள்.

"அறுத்தவ ஆபீசு ஏறலாமாடி? விதின்னு கெட. எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல, வயசாயிருச்சு பாரு."

இன்னும் ஏறி இறங்காத வாசல் இல்லை. பந்தியில் பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர்களுக்கெல்லாம் ஒட்டுமொத்தமாக ஞாபக மறதி. ஒவ்வொரு வாசலிலிருந்தும் இறங்கும்போது அவளுக்கு அழுகை வரவில்லை, வயிறுதான் எரிந்தது. வேலப்பனாவது பணத்துக்காகப் பொய் சொன்னான். இவர்கள் வாயில் என்ன கொழுக்கட்டையா?

மேடு கையை விட்டுப் போய்விட்டால் அவளுக்கு இருப்பது அந்தச் சமையல்கட்டு மூலை ஒன்றுதான். தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிப் போய்க் கூடை மாட்டலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அடுத்த நிமிஷமே அதைக் காறித் துப்பினாள். போவதா? இந்த வேலப்பன் மூஞ்சி விழுவதைப் பார்க்காமல் போவதா? அவளுக்கு நியாயம் வேண்டியிருந்தது, வாஸ்தவம். ஆனால் அதற்கு மேலேயும் வேண்டியிருந்தது.

மானிய நாள் நெருங்கிய சமயம். லாரி ஏற்றும் இடத்தில் பெண்கள் உட்கார்ந்து சாமந்தியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தண்டு ஒடிந்த பூ ஒன்றைக் கீழே போட மனமில்லாமல், ஏதோ யோசனையில், பழைய பழக்கத்தில், அம்சவல்லி கொண்டையில் செருகிக்கொண்டாள்.

"அடி பாவி மவளே!" என்று காளியம்மா கத்திய கத்தலில் லாரி மேலே நின்றவன்கூடத் திரும்பிப் பார்த்தான். "அர்ஜுனன் பொண்டாட்டி தலையில பூவப் பாருங்கடி! புருசன் செத்து வருசம் திரும்பல, இவளுக்குப் பூ கேக்குதா?"

சுற்றியிருந்த அத்தனை பெண்களும் பிடித்துக்கொண்டார்கள். அர்ஜுனன் ஆவி என்ன பாடுபடும், அர்ஜுனன் தாலி கட்டின கழுத்தா இது, அர்ஜுனன் இப்படி அர்ஜுனன் அப்படி! ஒருத்திக்கும் ஞாபக மறதி இல்லை.

அம்சவல்லி பூவை எடுத்துக் கூடையில் போட்டாள். "தப்புதான் பெரியம்மா" என்று அடக்கமாகச் சொன்னாள். திரும்பிக்கொண்டு, புருஷன் செத்த பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

மானியம் கொடுக்கும் விழா கோயில் கொட்டகையில் ஏற்பாடாயிற்று. ஞாயிற்றுக்கிழமை. வாழைமரம் கட்டி, காகிதத் தோரணம் தொங்கவிட்டு, அதிகாரிகளுக்கு மெத்தை நாற்காலி போட்டிருந்தார்கள். படி வெட்டியதில் முதல் தரம் வேலப்பனுடைய மேடுகள்தானாம். எல்லாருக்கும் முன்னால் பெரிய அதிகாரி கையால் அவனுக்குத்தான் முதல் மானியப் பண உறை. கஞ்சி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றான். வாசலில் நவமணியும் இன்னும் நாலைந்து சுமங்கலிகளும் பன்னீர்ச் செம்பும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரவேற்பில் நின்றார்கள்.

யூசோப்பும் பெரிய அதிகாரியும் லேண்ட்ரோவரை விட்டு இறங்கினார்கள். அதே நேரத்தில் பக்கத்துப் பாதையிலிருந்து அம்சவல்லி வந்தாள்.

கத்தரிப்பூ நிறத்தில் பட்டுக்கரை போட்ட புடவை. கொண்டை கொள்ளாமல் சாமந்தி. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். நவமணியின் தட்டிலிருந்த குங்குமத்தை விரலில் எடுத்து, எல்லாரும் பார்க்க, நெற்றியில் அழுத்தி வைத்துக்கொண்டாள். நவமணி கையிலிருந்த பன்னீர்ச் செம்பையும் வாங்கிக்கொண்டு, "வாங்க துவான், வாங்க" என்று பெரிய அதிகாரி மேல் தெளித்தாள்.

கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள்.

வேலப்பன் பாய்ந்து வந்தவன் இரண்டடியில் நின்றுவிட்டான். கெட்டிக்காரன் அல்லவா, சட்டென்று புரிந்துவிட்டது. அவளை அடித்து இழுத்துப் போகலாம். என்னவென்று சொல்லி இழுப்பது? யாருடைய விதவை என்று சொல்வது? முகம் வெளிறிவிட்டது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு, "யாரும் பேசாதீங்க. ஒரு வார்த்த பேசாதீங்க, அப்பறம் நான் பாத்துக்கறேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னான்.

ஒரு கணம் அவர்கள் பேசவும் இல்லை. இப்படியே எல்லாரும் அடங்கி உட்கார்ந்துவிட்டால் உறை அவன் கைக்குப் போய்விடும், மேடு போய்விடும், அவளுக்கு ஊரில் தலைகாட்ட முடியாத பெயர் மட்டும் மிஞ்சும். அம்சவல்லி செம்பைத் தூக்கிக்கொண்டு நேரே காளியம்மாவிடம் போனாள்.

"பெரியம்மா, பன்னீர் வாங்கிக்குங்க. பொட்டு வச்சு வுடட்டுமா?"

குங்கும விரலை நீட்டினாள். அவ்வளவுதான்.

"தூ! தொடாதடி என்ன! தாலியறுத்த கையால எனக்குப் பொட்டு வைக்க வர்றியா? அர்ஜுனன மண்ணுல போட்டுட்டு மினுக்கிட்டு வந்துருக்கா பாருங்கய்யா! கோயிலு வெளங்குமா?"

"இவள வெளிய தள்ளுங்க லா!"

"அர்ஜுனன் பொண்டாட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சு!"

"தீட்டு! அம்மன் சும்மா வுட மாட்டா!"

வேலப்பன் இரண்டு கையையும் தூக்கி, "பேசாதீங்கய்யா, பேசாதீங்க" என்று அலறினான். யார் கேட்டார்கள்? அண்ணன்காரனே வெட்கங்கெட்டு அவளுக்குப் பரிந்து பேசுகிறான் என்று அவனுக்கும் சேர்த்து வசவு விழுந்தது.

யூசோப் ரெங்கசாமியைக் கூப்பிட்டார். "என்ன கலாட்டா? இந்த அம்மா என்ன தப்புச் செய்தார்?"

ரெங்கசாமிக்குக் கோயில் தீட்டுப்பட்ட ஆத்திரத்தில் வேறெதுவும் தோன்றவில்லை. "துவான், இவ புருசன் செத்துப்போனவ. எங்க வழக்கத்துல இவ பொட்டு வைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது, நல்ல காரியத்துல முன்னால நிக்கவே கூடாது" என்று மலாயில் மூச்சுவிடாமல் கொட்டினார்.

"புருஷன் யார்?"

"அர்ஜுனன். போன மழையில மேடு விழுந்து..." என்று ஆரம்பித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்து என்ன பிரயோசனம்?

"நல்லாத் தெரியுமா உங்களுக்கு?"

ரெங்கசாமி வேலப்பனைப் பார்த்தார். அதற்குள் காளியம்மா முந்திக்கொண்டாள். கோபத்தில் அவளுக்கு மலாய் தானாக வந்தது. "தெரியுமாவாவது! நான்தான் துவான் ஆரத்தி எடுத்தேன்! இதோ நிக்கறாரே, இவர்தான் தாலித் தட்டத் தூக்கினாரு! ஊருக்கே தெரியும்!"

யூசோப் மெதுவாக வேலப்பன் பக்கம் திரும்பினார். "உங்கள் தம்பி பூஜாங் என்று சொன்னீர்களே?"

வேலப்பனின் கஞ்சிச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவனுடைய முகம் அப்போது விழுந்த விதத்தை அம்சவல்லி கண் கொட்டாமல் பார்த்தாள். அவள் வயிற்றில் மாதக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது அப்போதுதான் கொஞ்சம் அடங்கிற்று.

"துவான், ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டு வரச் சொன்னீங்க" என்றாள். "ஊரையே பேச வச்சிட்டேன். போதுமா?"

யூசோப் பெரிய அதிகாரியின் காதில் ஏதோ சொன்னார். வேலப்பனுக்கென்று மேலே வைத்திருந்த உறை அதிகாரியின் பைக்குள் போயிற்று. ரெங்கசாமியும் காளியம்மாவும் திங்கட்கிழமை காலை தானா ராத்தாவுக்கு வந்து, இப்போது சொன்னதை அங்கேயும் சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. அர்ஜுனனுக்கு வந்த பந்துவானுக்கு வேலப்பன் வந்து பதில் சொல்ல வேண்டும். அதுவரை அந்த மேட்டில் அவன் கால் வைக்கக் கூடாது.

நவமணி தலையில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "குடும்பத்த நடுத்தெருவுக்குக் கொண்டு வந்துட்டியேடி! மாமா ஒனக்கு அண்ணன் மாதிரி இல்லையா?"

"நான் என்னக்கா பண்ணேன்? எம் புருசன் பேர நான் எடுக்கவே இல்ல. நீங்க சொன்ன மாதிரி கம்முனுதானே இருந்தேன்? பேசினதெல்லாம் அவங்கதான்."

கூட்டத்துக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். ஏமாந்த கோபம் காளியம்மாவுக்குத்தான் அதிகம்.

"சரி, சாதிச்சிட்ட. மேடு ஒனக்குத்தான், பந்துவானும் ஒனக்குத்தான். அதான் அர்ஜுனன் பொண்டாட்டின்னு ஊரே சொல்லிருச்சே. இனிமேலாவது அர்ஜுனன் பொண்டாட்டியா லெட்சணமா இரு. அந்தப் பொட்ட அழி."

அம்சவல்லி செம்பைத் தரையில் வைத்தாள். புடவைத் தலைப்பை எடுத்து நெற்றி வரைக்கும் கொண்டுபோனாள். பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள்.

"அழிக்கிறேன் பெரியம்மா. எனக்கென்ன இப்ப, புருசனே இல்ல, பொட்டு என்னத்துக்கு? ஆனா மழ அடுத்த வருசமும் வரும். மேடு சரியும். இங்க நிக்கிற உங்கள்ல ஒருத்தி அறுப்பா. அவள உள்ள வச்சுப் பூட்டிட்டு, பொண்டாட்டியே இல்லன்னு ஒருத்தன் சொல்லுவான். அன்னிக்கு அவ இப்படிப் பூ வச்சுப் பொட்டு வச்சு வந்து நிக்காமலே, ஆமா, இவ அவன் பொண்டாட்டிதான்னு சொல்ல வர்றவங்க யாரு? ஒரே ஒருத்தர் கையத் தூக்குங்க. இந்த நிமிசமே அழிச்சிடறேன்."

தலைப்பை நெற்றிக்கருகில் பிடித்தபடியே காத்திருந்தாள். ரெங்கசாமி தோரணத்தைப் பார்த்தார். காளியம்மா புடவை மடிப்பைச் சரி செய்தாள். பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.

ஒரு கையும் மேலே போகவில்லை.

அம்சவல்லி தலைப்பைக் கீழே விட்டாள். பொட்டோடேயே கொட்டகையைக் கடந்து, தன் மேட்டுக்குப் போகும் பாதையில் ஏறினாள்.